பாட்டியோட நெஞ்சு மாத்திரையும் ஒரு மெட்ராஸ் நீதிபதியும்

எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் சுருக்கியிருக்கிறோம்.

இன்னைக்குக் கதை காட்டுப்பாக்கத்துல ஆரம்பிக்குது. போரூர் தாண்டி, ஐயப்பந்தாங்கல் தாண்டி, பூந்தமல்லி போற டிரங்க் ரோட்டுல வர்ற ஊர். இப்போ ரோட்டுக்கு மேல மெட்ரோ பாலம் போகுது. கீழ, சாயங்காலம் ஏழு மணிக்கு எந்த மெடிக்கல் ஷாப் வாசல்ல நின்னாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒரு பெரியவர் சட்டைப் பையில இருந்து காலி மாத்திரை அட்டையை எடுத்து நீட்டுவார். "தம்பி, இதுல ஒரு அட்டை குடுப்பா." மாத்திரை பேர் சொல்ல மாட்டார். கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்ப்பார், உள்ள போவார், எடுத்துட்டு வந்து கவர்ல போடுவார். அரை நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும்.

எங்க பாட்டியும் அப்படித்தான். பழைய பிஸ்கட் டப்பா ஒண்ணுல காலையில போடுறது, ராத்திரி போடுறதுன்னு தனித்தனிக் கவர். காலைக் கவர்ல ஒரு சின்ன வெள்ளை மாத்திரை இருக்கும். பாட்டி அதுக்கு வச்ச பேர் "நெஞ்சு மாத்திரை".

2015 டிசம்பர் மழையை இந்தப் பக்கத்து ஆளுங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க. வீட்டுக்குள்ள தண்ணி. கரண்ட் இல்ல, போன் இல்ல. டப்பா நனைஞ்சு மாத்திரை எல்லாம் கரைஞ்சு போச்சு. கடை திறக்கல. நாலு நாள்தானே, ஒண்ணும் ஆகாதுன்னு நாங்களும் இருந்துட்டோம். அஞ்சாம் நாள் காலையில பாட்டிக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, மூச்சு வாங்குது, உட்கார முடியல. தண்ணி வடிஞ்ச ரோட்டுல ஒரு ஆட்டோவைக் கெஞ்சிக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் நாடியைப் பிடிச்சார், பி.பி. பார்த்தார், ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாட்டிம்மா, எந்த மாத்திரையை நிறுத்துனீங்க?"

என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்கல. எதை நிறுத்துனீங்கன்னு கேட்டார். அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை அட்டெனோலால். பீட்டா பிளாக்கர்னு சொல்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பம் எங்கிருந்து வந்துச்சு, டீ விலையைவிடக் குறைஞ்ச விலைக்குக் காட்டுப்பாக்கம் கடையில எப்படிக் கிடைக்குது, நாலு நாள் நிறுத்தினா ஏன் இப்படி ஆகுது? இதுதான் இன்னைய கதை.

முதல்ல உடம்புக்குள்ள போவோம். தெருவுல நாய் துரத்துது. அட்ரினலின் சுரக்குது, இதயம் வேகமா அடிக்குது. இது எல்லாருக்கும் தெரியும். ஆனா அதே அட்ரினலின் ஒரு இடத்துல ரத்தக்குழாயைச் சுருக்குது, இன்னொரு இடத்துல விரிக்குது. ஒரே சாவி எப்படி ரெண்டு விதமா வேலை செய்யும்? அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல ரேமண்ட் ஆல்குவிஸ்ட்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1948-ல ஒரு பதில் சொன்னார்: சாவி ஒண்ணுதான், பூட்டுல ரெண்டு வகை இருக்கு. அதுக்கு ஆல்ஃபா, பீட்டான்னு பேர் வச்சார். இதயத்தை வேகமா அடிக்க வைக்கிறது பீட்டா பூட்டு. அந்தக் கட்டுரையை ஒரு பத்திரிகை வேண்டாம்னு திருப்பி அனுப்பிடுச்சு. இன்னொண்ணுல வந்தது. வந்தும் பத்து வருஷத்துக்குப் பெரிசா யாரும் கண்டுக்கல.

கண்டுக்கிட்ட ஆள் ஸ்காட்லாந்துக்காரர், ஜேம்ஸ் பிளாக். டாக்டருக்குப் படிச்சவர். படிச்ச கடனை அடைக்க 1947-ல சிங்கப்பூருக்கு வாத்தியார் வேலைக்குப் போனார். திரும்பி வந்து கிளாஸ்கோவுல, நம்ம வேப்பேரி காலேஜ் மாதிரி ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியில, உடலியல் துறையை உருவாக்கினார். அவரோட அப்பா ஒரு கார் விபத்துக்கு அப்புறம் மாரடைப்புல இறந்தவர். அந்தப் பதற்றத்துல சுரந்த அட்ரினலின்தான் காரணமோங்கிற யோசனை அவருக்குள்ள இருந்ததா சொல்வாங்க.

அப்போ நெஞ்சுவலிக்கு மருந்து தேடினவங்க எல்லாரும் ஒரே திசையில போனாங்க: இதயத்துக்கு ரத்தம் போற குழாயை எப்படி விரிக்கிறது? பிளாக் கேள்வியைத் திருப்பிப் போட்டார். வரவு கூடலன்னா செலவைக் குறைப்போம். இதயம் மெதுவா அடிச்சா அதுக்கு ஆக்சிஜன் தேவை குறையும், வலி வராது. பீட்டா பூட்டோட துவாரத்துல ஒரு உடைஞ்ச சாவியைச் செருகி வச்சிட்டா, அட்ரினலின் வந்து முட்டிட்டுத் திரும்பிப் போகும்.

1958-ல ஐசிஐ கம்பெனி அவரை வேலைக்கு எடுத்தது. நம்ம ஊர்ல பெயின்ட்டுக்கும் உரத்துக்கும் தெரிஞ்ச அதே ஐசிஐ. முதல்ல வந்த மருந்து ப்ரோனெத்தலால். ஆல்டர்லி பார்க்ங்கிற ஆராய்ச்சி வளாகத்து ஞாபகமா ஆல்டர்லின்னு வணிகப் பேர். எலிகளுக்குக் கட்டி வந்ததால அதைக் கைவிட்டாங்க. அடுத்தது ப்ராப்ரனோலால். 1965-ல விற்பனைக்கு வந்தப்போ வணிகப் பேர் இண்டெரல். ஆல்டர்லினோட ஆங்கில எழுத்துகளைக் கலைச்சு, ஒண்ணை எடுத்துட்டா இண்டெரல் வரும். பேர் வைக்கிறதுக்குக் கூடச் செலவைக் குறைச்சிருக்காங்க.

இந்த மருந்தை நெஞ்சுவலிக்குன்னுதான் செஞ்சாங்க, பி.பி.க்குன்னு இல்ல. லண்டன்ல பிரையன் ப்ரிச்சர்ட்ங்கிற டாக்டர் நோயாளிகளுக்குக் குடுத்துப் பார்க்கும்போதுதான் ரத்த அழுத்தமும் இறங்குதுன்னு கவனிச்சார். 1964-ல எழுதினார். ரொம்ப பேர் உடனே நம்பல.

இங்க ஒரு சின்னக் கிளைக்கதை. பி.பி. மாத்திரைங்கிற விஷயத்துல இந்தியா அப்போ பின்னாடி இல்ல. பம்பாயில ருஸ்தம் ஜால் வகீல்ங்கிற இதய மருத்துவர், நம்ம நாட்டு மருத்துவத்துல ரொம்ப காலமா இருக்கிற சர்ப்பகந்தா வேரை பி.பி. நோயாளிகளுக்குக் குடுத்து, 1949-ல பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழ்ல எழுதினார். உலகம் முழுக்க டாக்டர்கள் அந்த வேரைத் தேட ஆரம்பிச்சாங்க. அதுல இருந்து வந்த ரெசர்பின் பல வருஷம் முக்கியமான பி.பி. மருந்து. ஆனா சிலருக்கு மனசோர்வைக் கொண்டு வந்தது. பீட்டா பிளாக்கர் வந்ததும் அது மெல்ல ஓரம் போச்சு.

சரி, மெட்ராஸ் எங்க வருது?

பிளாக் ஐசிஐ-ல சேர்றதுக்கு முந்தின வருஷம், 1957-ல, இந்திய அரசு ஒரு வேலையை நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார்கிட்ட ஒப்படைக்குது. மெட்ராஸ் ஹைகோர்ட் நீதிபதி, பின்னாடி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர். வேலை என்னன்னா, காப்புரிமைச் சட்டத்தை என்ன பண்ணலாம்னு சொல்லணும். அப்போ நடைமுறையில இருந்தது வெள்ளைக்காரன் போட்ட 1911 சட்டம். 1959 செப்டம்பர்ல அவர் அறிக்கை குடுத்தார்.

நான் அந்த அறிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமா வாசிச்சேன். கோபப்படாம, நிதானமா, எண்ணிக்கை எடுத்து எழுதியிருக்கார். இந்தியாவுல பதிவாகியிருக்கிற காப்புரிமைகள்ல 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டுக்காரங்களோடது. அதுல 90 சதவீதத்துக்கு மேல இந்தியாவுல எதையும் தயாரிக்கவே பயன்படல. அப்போ எதுக்குப் பதிவு பண்றாங்க? வேற யாரும் இங்க செய்யக் கூடாது, இறக்குமதி பண்ணி விக்கணும், அதுக்குத்தான். அந்தக் காலத்துல அமெரிக்க செனட்டர் கெஃபாவர் தலைமையிலான குழு மருந்து விலையை விசாரிச்சப்போ, உலகத்துலயே மருந்து விலை அதிகமா இருக்கிற நாடுகள்ல இந்தியாவும் ஒண்ணுன்னு சொன்னது.

ஐயங்கார் சொன்ன தீர்வைச் சாம்பார் வச்சுச் சொன்னா புரியும். சாம்பாருக்கே ஒருத்தர் காப்புரிமை வாங்கிட்டா, வேற யாரும் எந்த வழியிலயும் சாம்பார் வைக்க முடியாது. அவர் வைக்கிற முறைக்கு மட்டும் காப்புரிமைன்னா, நீங்க வேற முறையில வைக்கலாம். மருந்துக்கும் உணவுக்கும் பொருள் காப்புரிமை வேண்டாம், செய்முறைக் காப்புரிமை மட்டும் போதும்னார் ஐயங்கார். அவரா கண்டுபிடிச்ச யோசனை இல்ல. ஜெர்மனி 1877 சட்டத்துலயே ரசாயனப் பொருள்களுக்கு இப்படித்தான் வச்சிருந்தது. அந்த நாட்டு ரசாயனத் தொழில் வளர்ந்ததை அவர் கவனிச்சிருந்தார்.

அறிக்கை சட்டமாக 11 வருஷம் ஆச்சு. மசோதா வந்தது, காலாவதி ஆச்சு, திரும்ப வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் கடுமையா எதிர்த்தாங்க. கடைசியில 1970-ல நிறைவேறி, 1972 ஏப்ரல் 20-ல அமலுக்கு வந்தது. அதே காலத்து மனநிலையை நம்ம ரோட்டுலயே பார்க்கலாம். மவுண்ட் - பூந்தமல்லி ரோட்டுல, நந்தம்பாக்கத்துல, சோவியத் உதவியோட பொதுத்துறை ஐ.டி.பி.எல். நிறுவனத்தோட அறுவை சிகிச்சைக் கருவித் தொழிற்சாலை வந்தது 1960-கள்ல. மருந்தும் மருத்துவக் கருவியும் நாமே செய்யணும்ங்கிறது அப்போ ஒரு பிடிவாதமா இருந்தது.

இந்த ரெண்டு கதையும் முட்டிக்கிற இடம் ப்ராப்ரனோலால்தான். பம்பாய் சிப்லா கம்பெனி ப்ராப்ரனோலாலை வேற முறையில தயாரிச்சது. ஐசிஐ பிரதமர் இந்திரா காந்திகிட்டப் புகார் பண்ணிச்சு. சிப்லாவோட யூசுஃப் ஹமீது இதைப் பல பேட்டிகள்ல சொல்லியிருக்கார். அவர் அரசுகிட்டக் கேட்டதோட சாரம் இதுதான்: கண்டுபிடிச்சவனுக்கு நம்ம தோல் நிறம் பிடிக்கலங்கிறதுக்காக, உயிர் காக்கிற மருந்தைப் பல லட்சம் இந்தியர்களுக்கு இல்லைன்னு சொல்லணுமா? ஹமீது கதை சொல்றதுல கெட்டிக்காரர், அதனால கொஞ்சம் உப்பு சேர்த்துத்தான் கேட்கணும். ஆனா சட்டம் மாறினது உண்மை. 1976-ல ஐசிஐ அட்டெனோலாலைக் கொண்டு வந்தப்போ, இந்தியக் கம்பெனிகள் ஒவ்வொண்ணும் தன் வழியில அதைச் செய்யலாம்னு சட்டத்துலயே இருந்தது. ஒருத்தருக்கொருத்தர் போட்டி போட்டு விலை இறங்கிச்சு.

மலிவா கிடைச்சா மட்டும் போதுமா? இல்ல. அதுக்கும் இந்தக் குடும்பத்துலயே ஒரு கதை இருக்கு. ப்ராப்ரனோலால் இதயத்துல இருக்கிற பூட்டை மட்டும் அடைக்காது, நுரையீரல்ல இருக்கிறதையும் அடைக்கும். ஆஸ்துமாக்காரங்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கிடும். அதனால இதயத்தை மட்டும் குறி வைக்கிற ப்ராக்டோலால்னு ஒண்ணை ஐசிஐ 1970-ல கொண்டு வந்தது. டாக்டர்கள் கொண்டாடினாங்க. சில வருஷத்துல நோயாளிகளுக்குக் கண் வறண்டு போச்சு, தோல் தடிச்சுப் போச்சு, சிலருக்குப் பார்வையே போச்சு. விலங்குச் சோதனை எதுலயும் அது தெரியல. 1975-ல பொதுப் பயன்பாட்டுல இருந்து எடுத்தாங்க. அந்த இடத்தை நிரப்பத்தான் அட்டெனோலால் வந்தது. பாட்டி டப்பாவுல இருந்த மாத்திரைக்கு முன்னாடி இப்படி ஒரு அண்ணன் இருந்தார்.

அதே 1975-ல இன்னொரு விஷயமும் பதிவாகுது. ப்ராப்ரனோலாலைத் திடீர்னு நிறுத்தின நெஞ்சுவலிக்காரங்க சிலருக்கு வலி முன்னைவிட மோசமா திரும்பி வருது, சிலருக்கு மாரடைப்பே வருதுன்னு டாக்டர்கள் எழுதினாங்க. காரணம் இதுதான். துவாரம் அடைபட்டே கிடந்தா உடம்பு சும்மா இருக்காது. கூடுதலா பூட்டு செய்ய ஆரம்பிக்கும். மாத்திரை இருக்கிற வரைக்கும் தெரியாது. ஒரு நாள் மாத்திரை நின்னுடுச்சுன்னா, எல்லாப் பூட்டும் ஒரே நேரத்துல திறந்து கிடக்கும். சாதாரண அளவு அட்ரினலின் வந்தாலே இதயம் தெறிச்சு ஓடும். வீட்டுக்குள்ள வெள்ளம் வந்த நாள்ல அட்ரினலின் சாதாரண அளவா இருக்கும்?

அந்த டாக்டர் கேட்ட கேள்வி இதுல இருந்துதான் வந்தது. எங்களுக்கு அதுவரைக்கும் யாரும் சொல்லல. ஒருவேளை சொல்லியிருந்து நாங்க காதுல வாங்கலயோ என்னவோ. மாத்திரை அட்டையில அது தமிழ்ல எழுதியிருந்தா பாட்டியே படிச்சிருப்பாங்க. தினத்தந்தியை ஒரு வரி விடாம படிக்கிறவங்க.

1981-ல ரெண்டு பெரிய ஆய்வு வந்தது. நார்வேயில டிமோலால், அமெரிக்காவுல ப்ராப்ரனோலால். மாரடைப்பு வந்து பிழைச்சவங்களுக்கு இதைக் குடுத்தா இறப்பு குறையுதுன்னு ரெண்டும் காட்டிச்சு. அமெரிக்க ஆய்வுல மாத்திரை போட்டவங்கள்ல 7.2 சதவீதம் பேரும், போடாதவங்கள்ல 9.8 சதவீதம் பேரும் இறந்திருந்தாங்க. வித்தியாசம் தெளிவா தெரிஞ்சதால முன்கூட்டியே நிறுத்திட்டாங்க. 1988-ல பிளாக்குக்கு நோபல்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச திருப்பம் இதய செயலிழப்புல நடந்தது. பலவீனமான இதயத்துக்கு இதயத்தை மெதுவாக்குற மருந்தைக் குடுக்கவே கூடாதுன்னு எல்லாப் பாடப்புத்தகமும் சொன்னது. ஸ்வீடன்ல கோதன்பர்க் நகரத்து ஃபின் வாக்ஸ்டீன் 1975-லயே குடுத்துப் பார்த்து, நல்லாகுதுன்னு எழுதினார். யாரும் நம்பல. 1999-ல பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால் ஆய்வுகள் முடிஞ்சப்போதான் உலகம் ஒத்துக்கிட்டது. 24 வருஷம்! கூடாதுன்னு சொன்ன மருந்து, குடுத்தே ஆகணும்னு மாறிடுச்சு. ஆனா ரொம்பச் சின்ன அளவுல ஆரம்பிச்சு, வாரக்கணக்குல மெல்ல ஏத்தணும்.

இதுல இளவட்டத்துக்கு ஒரு பகுதி இருக்கு. ப்ராப்ரனோலால் கை நடுக்கத்தையும் படபடப்பையும் குறைக்கும். மேடைப் பயத்துக்கு இசைக்கலைஞர்கள் பல வருஷமா போடுறாங்க. துப்பாக்கி சுடுற போட்டியில தடை செஞ்ச மருந்து இது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல வட கொரியாவோட கிம் ஜோங் சு இதனாலதான் வெள்ளி, வெண்கலம் ரெண்டையும் இழந்தார். இப்போ இன்டர்வியூவுக்கு முன்னாடி ஃப்ரெண்டு குடுத்தான்னு ஒண்ணு போட்டுக்கிறதைச் சாதாரணமா பேசுறாங்க. உங்களுக்குச் சின்ன வயசுல வீசிங் இருந்திருந்தா அந்த ஒண்ணு உங்களை எமர்ஜென்சி வார்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம். சர்க்கரைக்கு இன்சுலின் போடுறவங்களுக்கு, சர்க்கரை இறங்கும்போது வர்ற படபடப்பை இது மறைச்சிடும். டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாத மருந்துன்னு சட்டம் சொல்றது சும்மா இல்ல.

திரும்ப நம்ம ஊருக்கு வருவோம். விலை இறங்கினாலும், அரசு ஆஸ்பத்திரியில மாத்திரை இருக்கான்னு ஒரு கேள்வி இருக்குல்ல? அதுக்குத்தான் 1994-ல தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. மாநிலம் முழுக்கத் தேவையானதை மொத்தமா டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகள்ல வச்சு, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புற அமைப்பு. ராஜஸ்தான் உட்பட வேற மாநிலங்கள் இதைப் பார்த்துத் தொடங்கினாங்க. அரசு ஆஸ்பத்திரியில வாங்கின அட்டையைப் பார்த்திருக்கீங்களா? தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்லன்னு இருக்கும். அட்டெனோலாலும் அந்தப் பட்டியல்ல வந்த மருந்துதான். 2021 ஆகஸ்ட் 5-ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினப்புறம், பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருது. ஐயங்கார் அறிக்கை எழுதினப்போ இதையெல்லாம் நினைச்சிருக்க மாட்டார். ஆனா மாத்திரை விலை அவ்வளவு இறங்கலன்னா எந்த அரசாலயும் இதை இலவசமா குடுத்திருக்க முடியாதுன்னு நான் நினைக்கிறேன்.

அந்தச் சட்டம் இப்போ அப்படியே இல்ல. உலக வர்த்தக அமைப்போட ஒப்பந்தத்தால 2005 ஜனவரி 1-ல இருந்து மருந்துக்குப் பொருள் காப்புரிமை திரும்ப வந்துடுச்சு. பழைய பீட்டா பிளாக்கர்களுக்கு அதனால பாதிப்பு இல்ல. புதுசா வர்ற மருந்துகளுக்குத்தான். புற்றுநோய் மருந்து கிளிவெக்குக்காக நோவார்ட்டிஸ் நடத்தின வழக்கு நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட் வழியாத்தான் போச்சு. 2013-ல சுப்ரீம் கோர்ட் அதுல தீர்ப்பு சொன்னப்போ, ஐயங்காரோட 1959 அறிக்கையைப் பக்கம் பக்கமா எடுத்துப் பேசிச்சு. 54 வருஷம் கழிச்சு!

பீட்டா பிளாக்கரும் இருந்த இடத்துலயே இல்ல. வேற நோய் இல்லாம பி.பி. மட்டும் இருக்கிறவங்களுக்கு, பக்கவாதத்தைத் தடுக்கிறதுல அட்டெனோலால் மத்த மருந்துகளை விடப் பின்தங்குதுன்னு 2002-லயும் 2004-லயும் கட்டுரைகள் வந்தது. 2006-ல பிரிட்டன் அதை முதல் வரிசையில இருந்து எடுத்துடுச்சு. மாரடைப்பு வந்து, இதயத்தோட பம்ப் வேலை நல்லா இருக்கிறவங்களுக்கு இது இன்னும் வேணுமாங்கிறதே இப்போ சண்டை. 2025-ல ஒரே நேரத்துல வெளிவந்த ரெண்டு பெரிய ஆய்வுல ஒண்ணு பலன் இல்லைன்னுச்சு, இன்னொண்ணு கொஞ்சம் இருக்குன்னுச்சு. இதைக் கேட்டுட்டு யாராவது நாளைக்குக் காலையில அப்பாவோட மாத்திரையை எடுத்துத் தூக்கிப் போட்டுடாதீங்க. எபிசோட் முழுக்க நான் சொன்னதே அதுதான். "இது இன்னும் வேணுமா டாக்டர், நிறுத்துறதுன்னா எப்படிப் படிப்படியா குறைக்கிறது?"ன்னு அடுத்த தடவை கேளுங்க.

நாங்க கேட்டோம். பாட்டிக்கு மூணு வருஷம் முன்னாடி மருந்தை மாத்தினாங்க. முதல்ல முழு மாத்திரை அரையாச்சு, அப்புறம் காலாச்சு, அப்புறம் நின்னுச்சு. அந்த வாரங்கள்ல பாட்டி காய்கறிக் கத்தியால மாத்திரையை வெட்டுறதைப் பார்க்கணும், முருங்கைக்காய் நறுக்குற நிதானம். இப்போ போடுறது வேற மாத்திரை, வேற கலர். அதையும் "நெஞ்சு மாத்திரை"ன்னுதான் சொல்றாங்க. டப்பா மட்டும் மாறிடுச்சு, தண்ணி போகாத மூடி போட்டது. கைப்பையில தனியா பத்து நாளைக்கு ஒரு அட்டை. அக்டோபர் பொறந்தா, "கண்ணு, மழை வரப் போவுது, மெடிக்கலுக்குப் போயிட்டு வா"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க.